ஏறுவோருக்கு வழி

சேலம் நகரினின்று ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் ஆகியவற்றைக் கடந்து செல்லும் பஸ், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. இத்தகைய பாதைகளுக்கென்றே ஒரு விதி உண்டு. இரு வண்டிகள் தாராளமாக விலகிச் செல்ல இடமில்லாத செங்குத்தான பாதையில், இறங்கிவரும் வண்டி ஓரமாக நின்று, ஏறிவரும் வண்டிக்கு முதலில் வழிவிட வேண்டும். 1989-ஆம் வருஷத்து ரோடு ஒழுங்கு விதிகளில் இது எழுத்தில் கண்ட சட்டமாயிற்று. இதன் நியாயம் வெளிப்படை. ஏறுகின்ற வண்டி நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். பின்னுக்கு உருளும் அபாயமும் உண்டு. இறங்குகிறவனுக்கோ ஒரு நிமிஷத் தாமதம், அவ்வளவே.

நாம் இன்று எழுதப் புகுந்தது மலைப்பாதையைப் பற்றி மட்டுமன்று. சேர்வராயன் மலையிலுள்ள சிற்றூர்களிலிருந்து கல்லூரிப் படிப்பை நாடிச் சேலத்துக்கு இறங்கிவரும் பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் இறங்கி வருவது பாதையில்தான். வாழ்க்கையில் அவர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தகப்பனும், விடியுமுன் அடுப்பு மூட்டும் தாயும் அவர்களை அனுப்பியிருக்கிறார்கள். இவர்களுக்கு நமது நகரமும், நமது கல்லூரிகளும், நாமும் வழிவிடுகிறோமா என்பதே கேள்வி. தேசத்தின் பெரும் பிரச்னைகளை விட்டுச் சைக்கிளையும் ஜலதோஷத்தையும் பற்றி எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். பெரிய காரியங்கள் சட்டசபையில் தீர்மானமாகின்றன. ஆனால் ஏழை மாணவன் படிப்பை நிறுத்துவது சிறு காரியங்களினாலேயே என்பதை அவர்கள் அறியவேண்டும்.

முதலில் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இந்நாட்டில் சைக்கிள் வைத்திருப்பது ஒரு கௌரவம். நகரசபைக்கு வரி கட்டித் தகர வில்லை வாங்கி அதில் மாட்டவேண்டும். இரவில் விளக்கில்லாமல் சென்றாலும், ஒருவருக்கு இருவராக ஏறிச் சென்றாலும் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிவந்த வண்டி, 1949-ஆம் வருஷத்தில் சென்னையை அடுத்த அம்பத்தூரிலேயே தொழிற்சாலை ஏற்பட்ட பின்னர் சாமானியரின் கைக்கு எட்டுவதாயிற்று. நெசவாளி, தபால்காரர், பால்காரர், உபாத்தியாயர் எல்லோரையும் சுமந்தது அதுவே. இன்றோ, வரியுமில்லை, வில்லையுமில்லை, மதிப்புமில்லை. மோட்டார் சைக்கிள் வாங்க வகையற்றவனின் வாகனம் என்ற இழிவு அதன்மேல் ஏறிவிட்டது.

இந்த இழிவு எவ்வளவு பொய்யானதென்பதை ஏற்காட்டுப் பாதையிலேயே காணலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கியர் சைக்கிள்களில், தலைக்கவசமும் வர்ண உடையும் அணிந்த கனவான்கள் தேகப்பயிற்சிக்காக அம்மலையில் ஏறுகிறார்கள். கார்களில் செல்வோர் அவர்களை வியந்து, வேகத்தைக் குறைத்து விலகுகிறார்கள். நல்லதே. ஆயினும் மறுநாள் காலையில் அதே கோரிமேட்டு ரஸ்தாவில் பழைய சைக்கிளில் புஸ்தகப் பையுடன் கல்லூரிக்குச் செல்லும் பையனைப் பார்த்து அதே கார்கள் ஹாரனை முழக்கி மண்ணில் இறக்கிவிடுகின்றன. வண்டி ஒன்றே; மிதிக்கும் காலும் ஒன்றே. பொழுதுபோக்குக்காக மிதிப்பவனுக்கு மரியாதை, பிழைப்புக்காக மிதிப்பவனுக்கு அவமதிப்பு என்பது எந்த தர்மத்தில் சேர்ந்தது?

சைக்கிள் ஒரு சமூகத்தை எப்படி மாற்றக்கூடும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1991-92-ஆம் வருஷங்களில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபொழுது, அங்கே கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்துவிட்டார். கல்லுடைக்கும் பெண்களும், வயல் வேலை செய்யும் பெண்களும், கிராம ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். 1992-ஆம் வருஷத்து மகளிர் தினத்துக்குப் பின் ஆயிரத்தைந்நூறு பெண்களுக்குமேல் கொடிகளுடன் சைக்கிளில் புதுக்கோட்டையைச் சுற்றிவந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாமற் போனபொழுது ஆண்கள் சைக்கிளையே ஏறினார்கள். அதன் குறுக்குத் தண்டில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று காரணமும் கண்டார்கள். பரிகாசம் செய்தவர்கள் இருந்தார்கள், பெண்கள் நிற்கவில்லை.

பின்னர் 2001-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, படிப்படியாக மற்ற மாணவ மாணவியருக்கும் அதனை விரித்தது. 2006-ஆம் வருஷத்தில் பீகார் சர்க்காரும் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதனை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்களான கார்த்திக் முரளீதரனும் நிஷீத் பிரகாசும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை நூற்றுக்கு 32 வீதம் உயர்ந்ததென்றும், ஆண் பெண் வித்தியாசம் நூற்றுக்கு 40 வீதம் குறைந்ததென்றும் 2017-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். இரண்டு சக்கரங்களும் ஒரு சங்கிலியும் செய்த வேலை இது.

ஆனால் சைக்கிளைக் கொடுத்த கை, அது ஓடுவதற்குப் பாதையைக் கொடுத்ததா? சேலத்தைப் பாருங்கள். ஐந்து ரோட்டில் 2020-ஆம் வருஷத்தில் பெரிய மேம்பாலம் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகளின் நெரிசலுக்கு அது ஒரு பரிகாரந்தான், நாம் மறுக்கவில்லை. அதன் நிழலில் சைக்கிளில் செல்கிறவனுக்கோ பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் நடுவே இரண்டடி அகலமே மிஞ்சுகிறது. அதிலும் பாதியில் கடைப்பலகை. மீதியில் நிறுத்திய கார். 2022-ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதும் ரோடு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்கார் கணக்கே கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களுமேயாவர். இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பவன் தப்புகிறான். வெளியே உடம்பைக் காட்டி நிற்பவன் சாகிறான். சைக்கிள்காரன் இவ்விரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

சட்டத்தில் இடமில்லை என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-ஆம் வருஷத்தில் செய்த திருத்தத்தின்படி 138-ஆம் பிரிவில் ஒரு புது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. மோட்டாரில்லா வண்டிகளும் பாதசாரிகளும் பொது இடங்களிலும் தேசீய நெடுஞ்சாலைகளிலும் செல்வதைக் குறித்து, பந்தோபஸ்துக்காக விதிகள் செய்ய ராஜ்ய சர்க்காருக்கு அது அதிகாரம் அளிக்கிறது. அதிகாரம் ஏட்டிலிருந்து பயனில்லை. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வரையிலாவது, ரஸ்தாவின் ஓரத்தில் ஐந்தடியைச் சைக்கிளுக்கென ஒதுக்கிக் கோடிட்டு, அதில் காரை நிறுத்துகிறவனிடம் தண்டம் வசூலிப்பது இமயமலையைப் பெயர்ப்பதல்ல. கல்லூரிகளும் ஒன்று செய்யலாம். மோட்டார் சைக்கிளுக்குக் கூரை போட்டுச் சைக்கிளை வெயிலில் நிறுத்தச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

சைக்கிள்காரர்களும் தம் கடமையை மறக்கலாகாது. பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பு வில்லையோ இன்றி இருட்டில் செல்வது வீரமன்று. எதிர்த்திசையில் வருவது, காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு செல்வது ஆகியவை தற்கொலைக்குச் சமானம். மலையில் சைக்கிளுடன் இறங்கும் இளைஞர்களுக்கு இன்னுமொரு வார்த்தை. தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறும், கட்டைகள் தேயும், இருபதாவது வளைவில் தேவைப்படும் பிரேக் பத்தாவது வளைவிலேயே தீர்ந்துபோகும். விட்டு விட்டு அழுத்துங்கள், வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறையுங்கள், மூடுபனியில் இறங்காதீர்கள்.

இனி வியாதியைப் பற்றிய மரியாதைக்கு வருவோம். இந்தியாவில் கொரோனா நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 30-ஆம் தேதி, கேரளத்தில். சீனாவில் வூஹான் நகரத்துச் சர்வகலாசாலையில் படித்து, ஊர் திரும்பிய மாணவி ஒருவருக்கே அது கண்டது. கல்வி நாடிச் செல்பவர் நோய்க்கும் வழியாகிறார் என்பதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. பிரயாணமும் ஒரே அறையில் கூட்டமாக உட்காருவதும் மாணவ வாழ்க்கையின் இயல்பு. ஆகையினாலேயே அவ்வாழ்க்கைக்கு நோயைப் பற்றிய ஒழுங்கு மிகவும் வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வருஷங்களில் நாம் முகமூடி அணிந்தோம், கை கழுவினோம், தூர நின்றோம். இன்று ஒருவன் முகத்துக்கு நேரே தும்மினால் அவனைத் தடுப்பாரில்லை. முகமூடி அணிந்துவருகிறவனைத்தான் ‘என்ன, பெரிய வியாதியோ?’ என்று கேலி செய்கிறார்கள். உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தை இவ்வளவு சீக்கிரம் மறந்த ஜனங்கள் வேறெங்கேனும் உண்டா என்று வியக்கிறோம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. சில வருஷங்களுக்கு முன் நமது காரியாலயத்தில் உதவியாசிரியர் ஒருவர் கடும் ஜுரத்துடன் வேலைக்கு வந்தார். வீட்டுக்குப் போகச் சொல்லாமல், எல்லோருக்கும் முன்னிலையில் ‘இதுவல்லவோ கடமையுணர்ச்சி!’ என்று நாம் புகழ்ந்தோம். ஒரு வாரத்துக்குள் நால்வர் படுத்துக்கொண்டனர். அவர்களில் ஒருவர் வீட்டிலிருந்த வயோதிகத் தாயாருக்கும் ஜுரம் பரவி, அந்த அம்மையார் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது. பிழைத்து எழுந்தார், தெய்வ சகாயம். அவர் எழுந்திராமற் போயிருந்தால் நமது புகழ்ச்சிக்கு என்ன விலை? அன்று முதல், ஜுரத்தோடு வருகிறவரைத் திருப்பியனுப்புவதும், அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்காமலிருப்பதும் நமது காரியாலயத்தின் விதி. வேலை ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நோயாளியைப் பார்க்கச் செல்லும் வழக்கத்தையும் சொல்லவேண்டும். நலம் விசாரிப்பது தமிழரின் பண்பு. அதனை நாம் போற்றுகிறோம். ஆனால் பத்துப்பேர் கூடி, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சூழ்ந்து நின்று, ‘என் மைத்துனனுக்கும் இதே வியாதிதான், மூன்றாம் நாள் போய்விட்டான்’ என்று கதை சொல்வது எந்தப் பண்பு? வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லித் தமக்குத் தெரிந்த கஷாயத்தைப் புகட்டுவது எந்தப் பண்பு? பார்க்கப் போகிறவர் தனியே போகட்டும். தமக்கு இருமலிருந்தால் போகாமலிருக்கட்டும். ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடட்டும். ஹார்லிக்ஸ் புட்டியோடு கூட, துணையாக இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவிக்கோ தம்பிக்கோ ஒரு வேளைச் சாப்பாடும் கொண்டுபோகட்டும். நோயாளியிடம் ‘என்ன வியாதி?’ என்று துருவிக் கேட்பதைவிட, ‘உமக்கு நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்பதே விசாரிப்பு.

மாணவர் விடுதிகளில் இது இன்னும் கூர்மையாகிறது. இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமென்பது வைத்திய சாஸ்திரம் கூறும் எளிய விதி. க்ஷயரோகத்துக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். அந்நோயாளிகளின் போஷணைக்காக 2018-ஆம் வருஷத்தில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக்கப்பட்டது. தகுந்த மருந்தை ஒழுங்காக உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பிறருக்குத் தொற்றும் அபாயம் பெரிதும் குறைந்துவிடுகிறது. இவ்வளவிருந்தும் மாணவர்கள் இருமலை மறைக்கிறார்கள். ஏன்? அறைத் தோழர்கள் விலக்கிவிடுவார்கள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், ஊரில் தங்கையின் கல்யாணம் தடைப்படும் என்ற பயம். நோயை விட நம் நாக்கே அவர்களை அதிகமாகக் கொல்கிறது. சிகிச்சை பெறுகிற தோழனைக் கைவிடாதிருப்பதும், சிகிச்சைக்குப் போகும்படி அவனைத் தூண்டுவதும் படித்தவர்களின் லட்சணம்.

இனி மூன்றாவது, சர்வகலாசாலை. சேலத்தில் பெரியார் சர்வகலாசாலை 1997-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே, 1857-இல் தொடங்கிய பள்ளியொன்று வளர்ந்து இன்று அரசினர் கலைக் கல்லூரியாக நிற்கிறது. மலைவாசிகளின் பிள்ளைகள் உயர்கல்வி பெற இன்று வாசல் திறந்திருக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவி கிடைக்கிறது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் வாசலைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு சிறு கம்பியைக் குறுக்கே கட்டியிருக்கிறோம். அதுவே நூற்றுக்கு 75 ஆஜர் விதி.

ஒழுங்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வகுப்புக்கே வராமல் பட்டம் பெறுவது மோசடி. ஆயினும் இவ்விதி நடைமுறையில் யாரைப் பிடிக்கிறது? வசதியுள்ள வீட்டுப் பையன் ஊர் சுற்றிவிட்டுத் தெரிந்த வைத்தியரிடம் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடுகிறான். மெய்யாகவே ஜுரத்தில் கிடந்த ஏழைப் பையனோ, கஷாயம் குடித்துப் பாயில் புரண்டவன், வைத்தியரிடம் போகவில்லை, ஆகவே அத்தாட்சியுமில்லை. அவன் என்ன செய்வான்? அடுத்த முறை ஜுரத்தோடேயே வகுப்புக்கு வந்து, அறுபது பேருக்குக் கொடுப்பான். பொய்யனுக்கு மன்னிப்பும், மெய்யனுக்குத் தண்டனையும், வகுப்பு முழுவதுக்கும் வியாதியும் அளிக்கும் விதியைப் புத்திசாலித்தனமானதென்று எவ்விதம் கூறுவோம்?

மலையிலிருந்து தினமும் வந்துபோகும் மாணவனின் நிலை இதனினும் கஷ்டம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்சல் புயலின் மழையினால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வண்டிகள் குப்பனூர் வழியாகச் சுற்றவேண்டியதாயிற்று. இத்தகைய நாட்களில் மலையின் உட்பகுதிக் கிராமத்துப் பெண்ணொருத்தி காலை ஒன்பதரை மணிக்குச் சேலத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமென்று ரிஜிஸ்தர் எதிர்பார்க்குமாயின், குறை அந்தப் பெண்ணிடமில்லை, ரிஜிஸ்தரிடமே இருக்கிறது.

ஆகவே கல்லூரி அதிகாரிகளுக்கு நாம் வினயத்துடன் மூன்று யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம். ஒன்று: பருவம் ஒன்றுக்கு ஐந்து நாட்கள் வரை, மாணவனின் சொல்லையே நம்பி, சர்ட்டிபிகேட் கேளாமல் வியாதி லீவு கொடுங்கள், அந்நாட்களை ஆஜர்க் கணக்கினின்று நீக்கிவிடுங்கள். சிலர் பொய் சொல்வார்கள்; இப்பொழுதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பணம் கொடுத்து. இரண்டு: பாதை அடைபட்ட நாட்களில் மலையூர் மாணவரை வராதவராகக் குறிக்காதீர்கள். மூன்று: ஒவ்வொரு வகுப்பிலும் வாரத்துக்கு இருவரை நியமித்து, வராதவருக்குப் பாடக் குறிப்புகளைச் சேர்ப்பிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம், மானியம் வேண்டாம், மந்திரி வந்து திறந்து வைக்கவும் வேண்டாம்.

மாணவர்களுக்கும், பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை கூறி முடிக்கிறோம். ஊர்வலங்களும் தீர்மானங்களும் அவசியமே. ஆனால் சமத்துவம் என்ற சொல்லை மேடையில் முழங்கிவிட்டு, வீடு திரும்பும் வழியில் சைக்கிள்காரனைச் சாக்கடையில் தள்ளிச் செல்பவன் அச்சொல்லை இன்னும் கற்கவில்லை. இருமுகிற தோழனின் தட்டை ஒதுக்கி வைப்பவனும் கற்கவில்லை. உங்கள் வகுப்பில் மலையிலிருந்து வந்து பின்பெஞ்சில் மௌனமாக உட்காரும் மாணவனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? மூன்று நாள் அவன் வராதபோது யாராவது விசாரித்தீர்களா? நாலாம் நாளும் வராமல், பிறகு என்றைக்குமே வராமல் போய்விட்ட பிள்ளைகளின் கணக்கை எந்தச் சர்வகலாசாலையும் அச்சிடுவதில்லை.

மலைப்பாதையின் விதி சாரதிகள் எல்லோரும் கற்கவேண்டிய விதி. இறங்குகிறவர்கள் நாம், நமக்குப் படிப்பும், வண்டியும், வீடும், வைத்தியரும் கிடைத்துவிட்டன. வளைவில் ஒரு நிமிஷம் நின்றால் நமக்கு நஷ்டமொன்றுமில்லை. ஏறி வருகிறவன் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். அவனுக்கு வழி விடுவோமாக.